கல்லுக்குள் எத்தனை பீப்பாய்? ஆயில் ஷேல் இருப்பைக் கணக்கிடும் விதம்

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்தில் மாமா வீட்டுப் புறவாசலில், கிணற்றுக்கும் வாழைக்கும் நடுவே, முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி உண்டு. வருஷத்துக்கு ஒரு தடவை அதில் சிரட்டைத் தைலம் இறக்குவார். குழிக்குள் முதலில் ஒரு பித்தளைக் கிண்ணம். அதன்மேல், அடியில் ஓட்டை போட்ட மண்பானை. பானை நிறைய, உடைத்த தேங்காய்ச் சிரட்டை. வாயை மூடி, களிமண் தோய்த்த துணியைச் சுற்றிச் சீலைமண் செய்து, மேலே வறட்டியும் தேங்காய்த் தொண்டும் அடுக்கித் தீ வைப்பார். உள்ளே காற்றில்லாததால் சிரட்டை எரியாது, வேகும். வெந்த சிரட்டையிலிருந்து கறுப்பாக ஒரு எண்ணெய் ஓட்டை வழியே கிண்ணத்தில் சொட்டும். படர்தாமரைக்கு எங்கள் வீட்டில் அதுதான் மருந்து. பூசினால் நாற்றம் மூன்று நாள் போகாது.

போன மாசியில் நான் அங்கே இருந்தேன். கை சும்மா இருக்காமல் தராசை எடுத்து வைத்துக்கொண்டேன். போட்ட சிரட்டை 3 கிலோ. ஆறியபின் பானையில் கிடந்த கரி ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கிண்ணத்தில் இரண்டு திரவம்: புளித்த வாடை அடிக்கும் தண்ணீர் ஒன்று, தைலம் இன்னொன்று. தைலத்தை மட்டும் இறுத்து அளந்தால் 200 மில்லி. மிச்சம் புகையாகப் போய்விட்டது. கணக்குப் போட்டால் டன்னுக்கு ஏறத்தாழ 66 லிட்டர்.

மாமா ரப்பர் விவசாயி. செல்போனில் வருகிற எதையும் என்னிடம் ஒரு தடவை கேட்காமல் விடமாட்டார். அன்றைக்கும் ஒன்றைக் காட்டினார். "மக்கா, அமெரிக்காவில ஒரு எடத்துல கல்லுக்குள்ள நாலு லட்சம் கோடி பீப்பாய் எண்ணெய் கெடக்குதாம். நம்ம சிரட்டைத் தைலம் மாதிரி கல்லச் சுட்டு எடுக்கியதாக்கும். உள்ளதா இது?"

எண் உண்மைதான். கொலராடோ, யூட்டா, வயோமிங் மாநிலங்களில் பரந்து கிடக்கும் கிரீன் ரிவர் பாறை அடுக்கில் சுமார் 4.3 லட்சம் கோடி பீப்பாய் என்பது அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையே சொன்ன கணக்கு. ஆனால் அந்த எண்ணைப் படித்ததும் நம் மனசில் எழுகிற அர்த்தமும் அவர்கள் சொன்ன அர்த்தமும் வேறு வேறு. மாமாவுக்கு அன்று திண்ணையில் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

பெயரில் உள்ள குழப்பம்

ஷேல் என்பது சேறு படிந்து, அழுந்தி, ஏடு ஏடாகக் கல்லான பாறை. அந்தச் சேற்றோடு பாசியும் நுண்ணுயிரும் செத்துப் புதைந்திருந்தால், கோடிக்கணக்கான வருஷத்தில் அவை கெரோஜன் என்னும் திடப்பொருளாக மாறிக் கல்லோடு கல்லாக ஒட்டிக்கொள்ளும். அப்படி கெரோஜன் நிறைந்த ஷேலுக்குத்தான் ஆயில் ஷேல் என்று பெயர். பெயரில் ஆயில் இருந்தாலும் கல்லில் ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. பிழிந்தாலும் வராது, பெட்ரோலில் ஊற வைத்தாலும் கெரோஜன் கரையாது. காற்றில்லாமல் 500 டிகிரி வாக்கில் சூடாக்கினால்தான் அது உடைந்து ஆவியாகும், ஆவி குளிர்ந்து எண்ணெயாகும். சிரட்டைக்குள் தைலம் "இருக்கிறது" என்று சொல்வது எவ்வளவு சரியோ, இந்தக் கல்லுக்குள் எண்ணெய் "இருக்கிறது" என்பதும் அவ்வளவுதான் சரி.

அமெரிக்கா ஷேல் எண்ணெய் எடுத்துக் குவிக்கிறது என்று செய்தியில் வருவது வேறு சங்கதி. அங்கே பாறைக்குள் எண்ணெய் ஏற்கெனவே திரவமாக இருக்கிறது. பாறையை நீர் அழுத்தத்தால் விரிசலிட்டுக் கிணறு வழியாக எடுக்கிறார்கள். நாம் பேசுவது, பூமி பாதி வேகவைத்து விட்டுவிட்ட கல்லை வெட்டி மேலே கொண்டுவந்து, மீதியை நாம் வேகவைக்கும் தொழில். எஸ்டோனியாவில் 1916இல் வெட்டத் தொடங்கி இன்றுவரை நடக்கிறது. ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் யங் 1850இல் பெற்ற காப்புரிமையில் தொடங்கி 1962 வரை நடந்தது. சீனாவில் ஃபூஷுன், பிரேசிலில் சாவோ மத்தேயுஸ் டோ சுல் என்று இன்னும் சில ஊர்கள்.

நூறு கிராம் கல், ஒரு அலுமினியக் குடுவை

எந்தக் கணக்கும் தரத்தில் தொடங்குகிறது. ரப்பர் பால் விற்றவர்களுக்கு இது புதிதில்லை. கேன் கேனாகப் பாலை எடை போட்டாலும் காசு எடைக்கு வராது, அதில் காய்ந்த ரப்பர் எத்தனை சதவீதம் என்பதற்குத்தான் வரும். ஒரு கரண்டிப் பாலை எடுத்து, உறைய வைத்து, உலர்த்தி, எடை பார்த்து "டிஆர்சி 32" என்று சொல்லிவிடுவார்கள். வெயில் நாளில் ஒரு எண், மழை நாளில் ஒரு எண்.

ஆயில் ஷேலுக்கு அந்தக் கரண்டிச் சோதனைதான் ஃபிஷர் சோதனை. கல்லை 2.4 மில்லிமீட்டருக்கும் சிறிதாக இடித்து, சரியாக 100 கிராம் எடுத்து, அலுமினியக் குடுவையில் அடைப்பார்கள். நிமிஷத்துக்கு 12 டிகிரி வீதம் 500 டிகிரி வரை ஏற்றி, அந்தச் சூட்டிலேயே 40 நிமிஷம் வைத்திருப்பார்கள். வரும் ஆவியைக் குளிர வைத்துப் பிடித்தால் எண்ணெயும் தண்ணீரும் கிடைக்கும். இரண்டையும் பிரித்து எடை போடுவார்கள். குடுவையில் மிஞ்சிய கல்லை எடை போடுவார்கள். இந்த மூன்றையும் கூட்டி 100இலிருந்து கழித்தால் வருவது வாயுவும் சேதாரமும். மாமாவின் குழியில் நான் தராசை வைத்துச் செய்ததும் இதே நாலு கணக்குத்தான். அவர் தீயை மட்டும் யாரும் நிமிஷத்துக்கு 12 டிகிரி என்று அடக்க முடியாது.

அந்தக் கட்டுப்பாட்டில்தான் சோதனையின் மதிப்பே இருக்கிறது. தீயை வேகமாகவோ மெதுவாகவோ ஏற்றினால் அதே கல் வேறு அளவு எண்ணெய் தரும். எல்லாரும் ஒரே மாதிரி வேகவைத்தால்தான் ஒரு கல்லை இன்னொரு கல்லோடு ஒப்பிடலாம். ஆகையால் ஃபிஷர் எண் கல்லின் முழுக் கொள்ளளவைச் சொல்வதில்லை. ஒரு குறிப்பிட்ட சமையல் முறையில் என்ன கிடைக்கும் என்பதைச் சொல்கிறது. ஹைட்ரஜன் சூழலில் சூடாக்கினால் அந்த எண்ணையும் தாண்டி எண்ணெய் எடுக்கலாம் என்று சோதனைகளில் காட்டியிருக்கிறார்கள். ஆலைகளோ பெரும்பாலும் அதற்குக் கீழேயே நிற்கும்.

முடிவை டன்னுக்கு இத்தனை லிட்டர் என்று எழுதுவது நமக்கு வசதி. அமெரிக்கர்கள் அவர்களுடைய சிறு டன்னுக்கு இத்தனை கேலன் என்று எழுதுவார்கள். அவர்களின் சிறு டன்னுக்கு 1 கேலன் என்பது நம் டன்னுக்கு 4.17 லிட்டர். அவர்கள் அடிக்கடி கோடு கிழிக்கும் 15, 25 என்ற எண்களை முறையே 63 லிட்டர், 104 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது எங்கள் குலசேகரத்துச் சிரட்டை, கொலராடோவின் 15 கேலன் கல்லைவிட ஒரு பிடி மேல். மாமாவுக்கு இதைச் சொன்னதில் ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

பெட்டியில் அடுக்கிய கல்

தரம் தெரிய மாதிரி வேண்டும். மாதிரி வேண்டுமென்றால் துளை போட வேண்டும். நம் ஊரில் போர்வெல் போடும்போது பாறை தூளாகி வெளியே பறக்கும், அது இதற்கு உதவாது. வைரம் பதித்த வளையத்தைச் சுழற்றி, நடுவே கல்லை உருளை உருளையாக அறுத்து எடுப்பார்கள். அதைக் கோர் என்பார்கள். மேலிருந்து கீழாக எடுத்த வரிசையிலேயே நீளப் பெட்டிகளில் அடுக்கி, எத்தனை மீட்டரிலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதி வைப்பார்கள்.

இந்த அடுக்கு குலைந்தால் எல்லாம் குலைந்தது. நிலவியல் படித்து முடித்த புதிதில் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத் தளத்தில் வேலை பார்த்தேன். தார்ப்பாய் மூடாமல் விட்ட ஒரு ராத்திரியில் மழை பெய்து பெட்டி எண்கள் அழிந்தன. காலையில் யாரோ உதவி செய்கிறேன் என்று பெட்டிகளைத் தூக்கி வேறு இடத்தில் வைத்துவிட்டார்கள். மூன்று பெட்டிகளில் எது மேல், எது கீழ் என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. உடைந்த முனைகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்துத்தான் தேற்றினோம். சுண்ணாம்புக்கல்லில் பிழைத்துக்கொண்டோம். ஒரு சாண் உயரத்துக்குள்ளேயே தரம் தலைகீழாக மாறும் ஆயில் ஷேலில் இப்படி நடந்திருந்தால் அந்தத் துளையையே மறக்க வேண்டியதுதான்.

இன்னொரு ஆபத்து, மேலே வராமல் போன கல். 3 மீட்டர் துளையிட்டு 2.4 மீட்டர் கோர் மட்டுமே வந்தால் மீதி 60 சென்டிமீட்டர் எங்கே? மென்மையான களி அடுக்காக இருந்து கரைந்து போயிருக்கலாம். அதைக் கண்டுகொள்ளாமல் வந்த கல்லை மட்டும் சோதித்தால், வராத கல்லுக்கும் அதே தரத்தைத் தூக்கிக் கொடுத்தது போலாகிவிடும். இதைச் சரிபார்க்கத்தான் துளைக்குள் அடர்த்தி பார்க்கும் கருவியை இறக்கிப் பாறையின் கையெழுத்தை மீட்டர் வாரியாகப் பதிவு செய்கிறார்கள். பாறை வெளியே தெரியும் மலைச்சரிவில் கையால் உடைத்த துண்டையும் நம்ப முடியாது. வெயிலும் மழையும் பட்ட கெரோஜன் சத்தை இழந்திருக்கும்.

இனி சராசரி. மாமாவிடம் இப்படிக் கேட்டேன்: "10 கிலோ பால் டிஆர்சி 40, 40 கிலோ பால் டிஆர்சி 28. ரெண்டையும் கலந்தா எவ்வளவு?" சட்டென்று 34 என்று சொல்பவர்கள் நிறைய. மாமா வெற்றிலையை மென்றபடி, "முப்பது, முப்பதரை வரும்" என்றார். சரியான விடை 30.4. பாலில் இத்தனை வருஷம் ஏமாந்தும் ஏமாறாமலும் வந்த அறிவு.

ஷேலிலும் இதேதான். ஒரு துளையில் 1 மீட்டர் கல் டன்னுக்கு 140 லிட்டர், அதன்கீழ் அரை மீட்டர் வெறும் 20 லிட்டர், அதன்கீழ் 2 மீட்டர் 90 லிட்டர் என்று வையுங்கள். மூன்று எண்ணையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 83. தடிமனை வைத்துப் பார்த்தால் 94. இரண்டுமே சரியில்லை, ஏனென்றால் இந்த மூன்று அடுக்கும் ஒரே கனமில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகப் பிடித்த பகுதி இதுதான். கெரோஜனின் அடர்த்தி தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் அதிகம், சுமார் 1.05. கல்லின் தாதுப் பகுதி சுமார் 2.7. ஆகவே கெரோஜன் கூடக்கூடக் கல் லேசாகும். எடையில் 15 சதவீதம் கெரோஜன் உள்ள கல்லின் அடர்த்தி 2.2 வாக்கில் வரும், 5 சதவீதம் உள்ளது 2.5ஐத் தொடும். அந்த 15 சதவீதம் எடையில் மட்டும்தான். கன அளவில் பார்த்தால் கல்லில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கெரோஜன்! கையில் தூக்கிப் பார்த்து, "இது லேசா இருக்கு, நல்ல கல்லு" என்று சொல்வது இங்கே பலிக்கும். எங்கள் ஊர்க் கல் குவாரியில் யாரிடமாவது லேசான கல்தான் நல்ல கல் என்று சொன்னால் சிரித்துவிடுவார்கள்.

மேலே சொன்ன மூன்று அடுக்குக்கும் அடர்த்தி 2.1, 2.6, 2.25 என்று வைத்தால், ஒரு சதுர மீட்டர் நிலத்துக்கு அடியில் 2.1, 1.3, 4.5 டன், மொத்தம் 7.9 டன் கல். எண்ணெய் 294, 26, 405 லிட்டர், மொத்தம் 725. வகுத்தால் டன்னுக்கு ஏறக்குறைய 92 லிட்டர். 94க்கும் 92க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். கோடி டன்னில் அது 2 கோடி லிட்டர்.

எஸ்டோனியாக்காரர்கள் இதை வேறு விதமாக, எனக்குப் பிடித்த விதமாக முடித்துவிடுகிறார்கள். தடிமன், அடர்த்தி, வெப்ப மதிப்பு மூன்றையும் பெருக்கி, ஒரு சதுர மீட்டர் நிலத்தடியில் எத்தனை கிகாஜூல் ஆற்றல் கிடக்கிறது என்று ஒரே எண்ணாகச் சொல்வார்கள். 35க்கு மேல் இருந்தால் வெட்டத் தகுந்த இருப்பு. 25க்கும் 35க்கும் நடுவே இருந்தால் கணக்கில் எழுதி வைப்பார்கள், வெட்டமாட்டார்கள். நாட்டின் ஒரு பெரிய தொழிலே சதுர மீட்டருக்கு ஒரு எண்ணை வைத்து ஓடுகிறது.

கழித்தல் கணக்கு

இப்போது ஒரு கற்பனைச் சுரங்கம். எண்களை நான் வைத்துக்கொண்டேன், முறை உண்மை.

நீளம் 2 கிலோமீட்டர், அகலம் ஒன்றரை. பரப்பு 30 லட்சம் சதுர மீட்டர். ஷேல் அடுக்கு 4 மீட்டர் தடிமன். கன அளவு 1.2 கோடி கன மீட்டர். அடர்த்தி 2.2 என்றால் 2.64 கோடி டன் கல். தரம் டன்னுக்கு 100 லிட்டர். மொத்தம் 264 கோடி லிட்டர். ஒரு பீப்பாய் 159 லிட்டர், ஆக 1.66 கோடி பீப்பாய். செய்தியில் தலைப்பாக வருவது இந்த எண்தான். இதன் பெயர் உள்ளிருப்பு. பூமியில் கிடப்பது, அவ்வளவே.

வெட்டப் போனால் என்ன ஆகும்? முதலில் நிலத்தின் மேல் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் நடந்தவர்களுக்குத் தெரியும், காலுக்கடியில் கறுப்பாக மின்னும் மணலில் இல்மனைட், மோனசைட் என்ற தாதுக்கள் இருக்கின்றன. 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் நம் கடற்கரையிலிருந்து போன கயிற்றுத் தும்பில் ஒட்டியிருந்த மணலில்தான் மோனசைட்டைக் கண்டார். ஆனால் மீனவர் வீட்டுக்கும் சர்ச்சுக்கும் அடியில் உள்ள மணல் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் அதை வெட்டத் தகுந்த இருப்பு என்று எழுதிவிட முடியுமா? ஷேலுக்கும் ஊர், சாலை, ஆறு, காப்புக்காடு, பாறை உடைந்து நழுவிய பிளவுகள் என்று விலக்க வேண்டியவை இருக்கும். 10 சதவீதம் போகட்டும். மிச்சம் 2.376 கோடி டன்.

நிலத்தடியில் வெட்டினால் கூரை விழாமலிருக்க அங்கங்கே கல்லையே தூணாக விட்டுவிட வேண்டும். 30 சதவீதம் தூணுக்குப் போயிற்று. மிச்சம் 1.663 கோடி. தரையிலும் மூலையிலும் எடுக்காமல் விட்டது, வண்டியிலிருந்து சிந்தியது என்று 5 சதவீதம். மிச்சம் 1.58 கோடி டன், அதாவது 158 கோடி லிட்டர். மேலிருந்தே தோண்டும் திறந்தவெளிச் சுரங்கமானால் தூண் இழப்பு கிடையாது. ஆனால் ஒரு டன் ஷேலுக்கு எத்தனை கன மீட்டர் மேல்மண்ணை அள்ளிப் போட வேண்டும் என்ற விகிதம் கழுத்தைப் பிடிக்கும். ஃபூஷுனில் இது தலைகீழ் அதிர்ஷ்டம்: அங்கே ஷேல் நிலக்கரிக்கு மேலே கிடக்கிறது. கரிக்காக எப்படியும் அள்ள வேண்டிய மேல்மண்தான் ஷேல். அள்ளும் செலவு கரியின் தலையில் போய்விடும்.

அடுத்து, வெட்டும்போது கூரையிலிருந்தும் இடையடுக்கிலிருந்தும் வெறுங்கல் கலந்து வரும். இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 8 சதவீதம் வெறுங்கல் கலந்தால் டன்னுக்கு 100 லிட்டர் என்பது 93க்கு இறங்கும், ஆனால் டன் கூடும். மொத்த எண்ணெய் குறையவே குறையாது. குறைவது பணம். எண்ணெய் இல்லாத கல்லையும் இடித்து, சுமந்து, 500 டிகிரிக்குச் சூடாக்கி, சாம்பலாகக் கொட்ட வேண்டும் அல்லவா? பாலில் தண்ணீர் கலந்தால் ரப்பர் குறைவதில்லை, ஆனால் கேனைச் சுமப்பவன் முதுகு ஒடியும். எஸ்டோனியாவில் ஷேல் ஏடுகளுக்கு நடுநடுவே சுண்ணாம்புக்கல் ஏடு வரும். மொத்தமாக வெட்டிப் பிறகு பிரிப்பதா, வெட்டும்போதே பிரிப்பதா என்பது அங்கே தீராத வாதம்.

இடிக்கும்போது கொஞ்சம் தூளாகும். கட்டிக் கல்லை மேலிருந்து கொட்டி, சூடான வாயுவைக் கீழிருந்து ஏற்றும் உலைகளில் தூள் அடைத்துக்கொள்ளும், ஏற்காது. 15 சதவீதம் தூளுக்குக் கழித்தால் 134 கோடி லிட்டர். தூளையே தின்னும் உலை இருந்தால் இந்தக் கழிவு வேண்டாம். கடைசியில் உலையின் திறன். ஆய்வகக் குடுவை தந்ததில் 85 சதவீதம் ஆலை தரும் என்று வைத்தால் 114 கோடி லிட்டர். பீப்பாயில் 72 லட்சம்.

1.66 கோடியில் தொடங்கி 72 லட்சத்தில் நிற்கிறோம். நூற்றுக்கு 43. ஒவ்வொரு படியிலும் நான் எடுத்தது மிதமான எண்தான். இந்தியா முழுக்க ஒரு நாளுக்கு 50 லட்சம் பீப்பாய்க்கு மேல் எண்ணெய் செலவாகிறது. நம் கற்பனைச் சுரங்கம் முழுதும் தீர்ந்தால் நாடு ஒன்றரை நாள் ஓடாது.

இதில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: நம்பகம். பத்துத் துளை போட்டுச் சொன்ன 72 லட்சமும், ரெண்டே துளை போட்டு நடுவில் கோடிழுத்துச் சொன்ன 72 லட்சமும் ஒன்றல்ல. துளைகள் நெருக்கமாக இருந்தால் அளந்தது, கொஞ்சம் விலகியிருந்தால் சுட்டிக்காட்டப்பட்டது, இன்னும் தூரமானால் ஊகித்தது என்று மூன்று பெட்டியில் தனித்தனியே எழுதுவார்கள். ஊகித்ததைக் காட்டி வங்கியில் கடன் கேட்க முடியாது.

எங்கே கோடு கிழிப்பது

கல்லின் தரம் இத்தனைக்குக் கீழே போனால் வெட்டமாட்டேன் என்று ஒரு கோடு உண்டு. கட்-ஆஃப் என்பார்கள். கிரீன் ரிவர் கணக்கில் இந்தக் கோடு என்ன செய்கிறது என்று பாருங்கள். எல்லாக் கல்லையும் சேர்த்தால் 4.3 லட்சம் கோடி பீப்பாய். 15 கேலனுக்கு மேல் உள்ளதை மட்டும் எடுத்தால் 1.15 லட்சம் கோடி. 25 கேலனுக்கு மேல் என்றால் 35,300 கோடி. கோட்டைக் கொஞ்சம் உயர்த்தியதும் பன்னிரண்டில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. இந்த 35,300 கோடியும்கூட நிலத்தில் கிடப்பதுதான். தூண், தூள், உலை எதுவும் இன்னும் கழிக்கப்படவில்லை. லாபத்தோடு எடுக்கக் கூடியது எவ்வளவு என்று அமெரிக்கத் துறை ஒரு எண்ணும் தரவில்லை. மாமாவின் போனில் வந்த செய்தி விட்டுவிட்ட வரி அதுதான்.

கோட்டுக்கு ஒரு இயற்கையான அடிமட்டமும் உண்டு. ஒரு டன் கல்லை 30 டிகிரியிலிருந்து 500க்கு ஏற்றவே சுமார் 50 கோடி ஜூல் வேண்டும். அது ஏறத்தாழ 13 லிட்டர் எண்ணெயின் வெப்பம். கெரோஜனை உடைக்கவும், கல்லில் உள்ள ஈரத்தை விரட்டவும் இன்னும் வேண்டும். நம் எடுத்துக்காட்டில் இருந்த 20 லிட்டர் அடுக்கு தன்னைத் தானே வேகவைத்துக்கொண்டு தீர்ந்துவிடும். மாமா குழியில் கடைசி வறட்டியை வைத்துவிட்டு, "இதுக்கு மேல எரிச்சா தைலத்த விட வறட்டிக்குச் செலவு கூடும்" என்று சொன்னது இதே கணக்குத்தான்.

அடிமட்டத்துக்கு மேலே கோடு விலையோடு ஏறி இறங்கும். 1982 மே 2, ஞாயிற்றுக்கிழமை. கொலராடோவில் எக்ஸான் நிறுவனம் தன் காலனி ஷேல் திட்டத்தை நிறுத்துவதாக அறிவித்தது. ரெண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு வேலை போயிற்று. அங்கே இன்றும் அதைக் கறுப்பு ஞாயிறு என்கிறார்கள். சனிக்கிழமை இருந்த கல்தான் திங்கட்கிழமையும் இருந்தது. ஒரு சொட்டு கெரோஜன் குறையவில்லை. வெட்டத் தகுந்த இருப்பு மட்டும் காகிதத்திலிருந்து காணாமல் போனது.

வெந்த கல்லைக் கொட்ட இடம் வேண்டும் என்பதும் இந்தக் கோட்டைத் தள்ளும். இடித்து வேகவைத்த கல், வெட்டிய குழியைவிட அதிக இடம் கேட்கும். எண்ணெய் போன பிறகும் குழியில் திருப்பிப் போட்டால் நிறைந்து வழியும்.

நம்ம மலையில?

மாமா கடைசியாக, கேட்டே தீர வேண்டியதைக் கேட்டார். "அப்போ நமக்க வேளிமலையில, பேச்சிப்பாறை பக்கத்துல இது கிட்டாதா மக்கா?"

கிட்டாது. துளையே போட வேண்டாம். நம் மாவட்டத்து மலைகள் கோண்டலைட், சார்னகைட், நைஸ் வகைப் பாறைகள். கோண்டலைட்டின் மூலப்பொருள் ஒரு காலத்தில் கடலடிச் சேறுதான். அந்தச் சேற்றில் உயிர்ப்பொருளும் கலந்திருக்கலாம். ஆனால் சுமார் 55 கோடி வருஷத்துக்கு முன்பு அந்தப் பாறையெல்லாம் பூமியின் ஆழத்துக்குப் போய் 800 டிகிரியைத் தாண்டி வெந்தது. ஃபிஷர் குடுவையின் 500 டிகிரிக்கே கெரோஜன் மிஞ்சாது. 800இல், கோடிக்கணக்கான வருஷம்? எண்ணெய், வாயு எல்லாம் எப்போதோ போய்விட்டன. மிஞ்சிய கரி கிராஃபைட்டாகப் படிகமாகிவிட்டது.

வேலியோரம் கட்டை மதிலிலிருந்து ஒரு பழுப்புக் கல்லைப் பெயர்த்துக் காட்டினேன். நிறைய செந்நிறக் கார்னெட், அங்கங்கே சாம்பல் நிறத்தில் மின்னும் சின்னச் செதில்கள். மாமா செதிலைப் பெருவிரலால் தேய்த்தார். பென்சில் தேய்த்தது போல விரலில் வெள்ளி மினுக்கம் ஒட்டிக்கொண்டது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பானைக்குள் கையை விட்டு ஒரு சிரட்டைக் கரியை எடுத்து அதையும் தேய்த்தார்.

"இதுவும் அதுவும் ஒண்ணாக்கும், இல்லியா?"

"ஒண்ணுதான் மாமா. இது நேத்து வெந்தது."